இருட்டில் படமெடுத்த லென்ஸ்

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
12 பிப்ரவரி 2025

தியோடர்,

லீனா சொன்னதால் எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தால் கத்தலில்தான் முடிகிறதாம், எழுதினாலாவது ஒருவர் சொல்வதை மற்றவர் கடைசிவரை கேட்போமாம். கழுத்தில் தையலோடு உட்கார்ந்துகொண்டு நம் பெண் இதைச் சொல்லும்போது மறுக்க முடியவில்லை. உங்கள் தம்பி கில்பர்ட் மாரிக்குப்பம் ரயிலில் தினமும் மல்லேஸ்வரத்துக்கு வேலைக்கு வருகிறான். மெட்ரோ ஸ்டேஷனில் என் டிக்கெட் கவுன்டரில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். அவனோடு எனக்குச் சண்டை இல்லை.

பயாப்சி ரிசல்ட் வந்துவிட்டது. ஆபரேஷனில் எடுத்த தைராய்டில் இருந்தது புற்றுநோய்தான். இந்த வகை பெரும்பாலும் குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். அவளுடைய இரண்டாம் பி.யூ.சி. பரீட்சை முடிந்ததும் இன்னொரு சிகிச்சை உண்டு. கதிரியக்கம் உள்ள அயோடினை மாத்திரையாகக் கொடுப்பார்கள். உடம்பில் எங்காவது மிச்சம் ஒளிந்திருந்தால் அதை அழித்துவிடுமாம்.

சின்ன வயதில் குழந்தைக்குக் கதிர்வீச்சு ஏதாவது பட்டிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அவள் அறை ஜன்னலில் நீங்கள் வைத்த கேமரா லென்ஸைப் பற்றிச் சொன்னேன். அது என்ன லென்ஸ், அதில் என்ன கலந்திருக்கிறது, குழந்தைக்கு எவ்வளவு பக்கத்தில் எத்தனை காலம் இருந்தது என்று விவரம் கேட்கிறார். எழுதி அனுப்புங்கள். விவரம் போதும். கதை வேண்டாம்.

ஆபரேஷன் அன்று நீங்கள் கீழே பார்க்கிங்கில் நின்றிருந்தீர்கள் என்று கில்பர்ட் சொன்னான். மேலே வராமல் இருந்ததற்கு நன்றி.

கேரல்


சாம்பியன் ரீஃப், கோலார் தங்கவயல்
17 பிப்ரவரி 2025

கேரல்,

ரிசல்ட்டை லீனாவே போனில் சொல்லிவிட்டாள். ரயில் லேட் என்று சொல்கிற குரலில் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ கேட்ட விவரம். அது இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவில் செய்த லென்ஸ். விமானத்தின் வயிற்றில் தரையைப் பார்த்தபடி பொருத்துகிற ஒரு கேமராவுக்கானது. இரவில் படம் எடுப்பதற்காகவே செய்தார்கள். விமானத்திலிருந்து முதலில் ஒரு வெளிச்சக் குண்டு போடுவார்கள். அது பாதி வழியில் வெடித்து ஊரையே பகல் போலக் காட்டும். அந்த வெளிச்சம் பட்டதும் கேமரா தானாகத் திறந்து மூடும். பாலம் எங்கே, ரயில் நிற்பது எங்கே, லாரிகள் போவது எங்கே என்று படத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். அடுத்து வருகிற விமானத்தில் வேறு குண்டு இருக்கும். கண் இமைக்கிற நேரத்து வெளிச்சத்தில் படம் விழ வேண்டும் என்றால் சாதாரணக் கண்ணாடி போதாது. அதனால் கண்ணாடியில் தோரியம் கலந்தார்கள். தோரியம் கதிரியக்கப் பொருள். நீ கதை வேண்டாம் என்றாய். ஆனால் அதில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு இதுதான் பதில், இதைச் சுருக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தப் போரின்போது பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்தார்கள். அப்படித்தான் இது இந்த ஊரில் தங்கியிருக்க வேண்டும். சிவாஜிநகர் பழைய இரும்புக் கடையில் நான் வாங்கியபோது லீனா யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. தோரியம் கண்ணாடி வருஷம் போகப் போக மஞ்சளாகும். வெயிலில் வைத்தால் தெளியும். நம் வீட்டில் காலை வெயில் விழுவது லீனாவின் அறை ஜன்னலில்தான். அதனால் அவள் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கட்டையில் வைத்தேன். மறுபடி மஞ்சளாகும்போதெல்லாம் வைத்தேன். அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, கேமரா சேகரிக்கிற ஒருவர் இணையத்தில் தோரியத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். அன்றைக்கே ஸ்டூடியோ அலமாரிக்குக் கொண்டுபோனேன். இது உனக்கு டிசம்பரிலேயே தெரியும்.

ஜன்னலிலிருந்து தலையணை எவ்வளவு தூரம் என்று நீதான் அளந்து சொல்ல முடியும். டிசம்பரில் நீ வெளியே போகச் சொன்ன பிறகு நான் அந்த வீட்டில் இல்லை.

ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சை அளக்கிற கருவி இருக்கும். அந்த லென்ஸை வைத்து அளந்து பார்க்கச் சொல். எது வந்தாலும் தெரிந்துகொள்வது நல்லது.

தியோ


ஸ்ரீராம்புரம்
26 பிப்ரவரி 2025

தியோடர்,

உங்கள் கடிதத்தை டாக்டரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “உங்க ஹஸ்பண்ட் நல்லா எழுதுறார்” என்றார்.

கதிர்வீச்சுப் பிரிவில் தாரணி என்று ஒரு பெண் பாதுகாப்பு அதிகாரி. தர்மபுரிப் பக்கம். சிகிச்சையைப் பற்றி லீனாவுக்கும் எனக்கும் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கியது அவர்தான். லென்ஸை அளக்க முடியுமா என்று கேட்டேன். கொண்டு வாருங்கள் என்றார். மார்ச் ஏழு, வெள்ளிக்கிழமை, மத்தியானம். கில்பர்ட்டிடம் கொடுத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வர முடியாது என்று அவன் சொல்லிவிட்டான். அவன் சொல்வதும் சரிதான். நீங்களே கொண்டு வாருங்கள். லீனாவுக்கு அன்று பரீட்சைக்குப் படிக்க வேண்டும், வரமாட்டாள்.

இந்த வீட்டின் நிலவரமும் உங்களுக்குத் தெரியட்டும். என் தங்கை குளோரியா பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கிறாள், ஆறாம் மாதம். அவள் புருஷன் கப்பலில் இருக்கிறான். லீனாவுக்கு இப்போதிருந்தே அயோடின் இல்லாத சாப்பாடு பழக்குகிறோம். சாதாரண உப்பு கூடாது, பால் கூடாது, முட்டை, மீன், பேக்கரி எதுவும் கூடாது. “எப்படியும் தவக்காலம் வருது மம்மி, கணக்குல சேர்த்துக்குங்க” என்கிறாள்.

ஜன்னலுக்கும் தலையணைக்கும் நடுவில் என் கை நீளம். படுக்கும்போது கைகால் எந்தப் பக்கம் போகும் என்று யார் அளப்பது. ஜன்னல் கட்டையை சோப்பு போட்டுத் தேய்த்தேன். சோப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். தேய்த்தேன்.

அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது அவள் கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு, உங்கள் ஸ்டூடியோவுக்கு வந்த யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது. நடுவில் இத்தனை வருஷம் நீங்கள் என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்டீர்கள்.

கேரல்


சாம்பியன் ரீஃப்
9 மார்ச் 2025

கேரல்,

வெள்ளிக்கிழமை நீ பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாய். கூப்பிட நினைத்தேன், நீ திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

பிஸ்கட் டின்னிலிருந்து லென்ஸை எடுத்து மேஜையில் வைத்ததும் தாரணி மீட்டரைப் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டி வைத்தார். அது விடாமல் டிக் டிக்கென்று அடித்தது. நீ எழுந்தது அப்போதுதான். பிறகு அவர் லென்ஸைத் திருப்பி முன்பக்கத்தில் வைத்தார். சத்தம் பாதிக்குமேல் குறைந்தது. தோரியம் பின்பக்கக் கண்ணாடியில்தான் அதிகமாம். அடுத்து மீட்டரைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்தார். கை நீளத்துக்கு வந்ததும் எப்போதாவது ஒரு சத்தம். கதவுப் பக்கம் போனதும், லென்ஸ் இல்லாத அறையில் எப்படி அடிக்குமோ அப்படித்தான் அடிக்கிறது என்றார்.

“ஜன்னல்ல லென்ஸோட எந்தப் பக்கம் கட்டிலைப் பார்த்து இருந்தது?” என்று கேட்டார்.

மஞ்சளாவது பின்பக்கக் கண்ணாடி, அதனால் அதை வெயிலைப் பார்த்துத்தான் வைப்பேன் என்று சொன்னேன்.

“எப்பவுமா?”

“நான் வைக்கும்போது அப்படித்தான்.”

அவர் மீட்டரை அணைத்து மேஜையில் வைத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சார், இதனால வந்திருக்கும்னு நான் நினைக்கல. இந்த நோய் வர்ற குழந்தைங்க வீட்டுல இந்த மாதிரி லென்ஸ் எதுவும் இருக்கறதில்ல. ஆனா வரவே வராதுன்னு சொல்லச் சொன்னா நான் சொல்ல மாட்டேன். ஒரு ஆளுக்கு ஏன் வந்ததுன்னு எந்த மீட்டரும் சொல்லாது.”

எனக்குச் சாதகமான பதில் வரும் என்று எதிர்பார்த்துத்தான் அளக்கச் சொன்னேன் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. நீ எதிர்பார்த்த பதிலும் வரவில்லை.

கிளம்பும்போது தாரணி ஒன்று கேட்டார். படிக்கிற பிள்ளைகளுக்கு மீட்டர் பிடிக்கச் சொல்லித்தர இப்படி ஒரு பொருள் கிடைத்தால் நன்றாக இருக்கும், கொடுப்பீர்களா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எடுத்து வந்துவிட்டேன். அது இப்போது இங்கே பின்கட்டில் இருக்கிறது.

லீனாவை ஒரு தடவை பார்க்கலாமா?

தியோ


ஸ்ரீராம்புரம்
14 மார்ச் 2025

தியோடர்,

தாரணி என்னிடமும் அதையேதான் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

நீங்கள் எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்பது பதில் இல்லை. தினமும் அந்த ஜன்னல் கட்டையைத் துடைத்தது நான். துடைக்கும்போது அதை எடுப்பேன், மறுபடி வைப்பேன். எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்தவள் இல்லை. அது என்னவென்று தெரிந்திருந்தால் பார்த்திருப்பேன். தெரிந்திருந்தால் வாசலுக்கு வெளியே வைத்திருப்பேன். எனக்கு உங்கள்மேல் இருக்கிற வருத்தம் மீட்டரில் ஏறி இறங்குகிற வருத்தம் இல்லை. தெரிந்ததும் ஓசைப்படாமல் ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போனீர்கள் பாருங்கள், அந்த ஓசைப்படாமல்தான்.

இனி இதை எழுதப் போவதில்லை. வேறு விஷயம் வந்திருக்கிறது.

மாத்திரை கொடுப்பது மார்ச் 25. மூன்று நான்கு நாள் தனி அறையில் வைப்பார்கள். வெளியே வந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு அவள் உடம்பிலிருந்து கதிர்வீச்சு வந்துகொண்டிருக்கும். பெரியவர்கள் தள்ளி இருந்தால் போதும். ஆனால் கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் இருக்கிற வீட்டில் அவள் இருக்கக் கூடாது. இந்த வீடு உங்களுக்குத் தெரியும். இரண்டு அறை, ஒரு பாத்ரூம். குளோரியா, “நான் வேற எங்கயாவது போறேன் அக்கா” என்றாள். டாக்டர் அவளைப் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். ஓசூரில் என் சித்தி வீட்டில் கைக்குழந்தை. ஹாஸ்டல்காரர்கள் விஷயத்தைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

நேற்று சாப்பிடும்போது லீனா சொன்னாள். “டாடி தனியாத்தான இருக்காங்க. பின்பக்கம் தனி ரூம் இருக்கு. அங்க போறேன்.”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளோரியா சிரித்துவிட்டாள். பிறகு அவளே மன்னிப்பு கேட்டாள்.

கதிர்வீச்சு என்று சொல்லி உங்களை வெளியே அனுப்பினேன். இப்போது அதே காரணத்துக்காகப் பெண்ணை உங்களிடம் அனுப்ப வேண்டியிருக்கிறது. இதைக் கேட்காமல் இருக்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கேட்கிறேன். இரண்டு வாரம் அவளை வைத்துக்கொள்வீர்களா?

அந்த லென்ஸ் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அவள் உடம்பில் இருக்கப்போவது அதைவிட அதிகம் என்று தாரணி சொல்வார், சொன்னார். இருந்தாலும் இருக்கக் கூடாது.

கேரல்


சாம்பியன் ரீஃப்
18 மார்ச் 2025

கேரல்,

வரட்டும்.

பின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். பாத்ரூம் அந்தப் பக்கமே இருக்கிறது, நான் பக்கத்து லைன் குவார்ட்டர்ஸில் இருக்கிற நண்பன் வீட்டில் குளித்துக்கொள்கிறேன். தட்டு, டம்ளர், பக்கெட், மெத்தை எல்லாம் தனி. தாரணியிடம் போனில் பேசினேன். பாத்ரூம் போனால் இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும், துணி தனியாகத் துவைக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், எச்சில் ஊறுவதற்குப் புளிப்பு மிட்டாய் சாப்பிட வேண்டும் என்றார். பஸ்ஸிலும் ரயிலிலும் கூட்டி வரக் கூடாது என்பதால் நண்பனின் ஆம்னி வேனைக் கேட்டிருக்கிறேன். நான் முன்னால், அவள் கடைசி சீட்டில், கண்ணாடியெல்லாம் திறந்தபடி. ஆஸ்பத்திரிக்குள் நான் வரவில்லை. கீழே நிற்கிறேன்.

தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் அவளை அனுப்புகிறோமே என்று உனக்குத் தோன்றும். காற்று அடிக்கும்போது மேட்டிலிருந்து மண் பறந்து வருவது உண்மைதான். அந்தப் பக்கத்து ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டேன்.

லென்ஸை நேற்று தாரணியிடம் கொடுத்துவிட்டேன். பிஸ்கட் டின்னோடு. அவர் உடனே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த லென்ஸுக்காக நானே செய்த மரக் கேமராவை விறகுக்காரனிடம் போடவில்லை, பரணில் இருக்கிறது. அதற்கு வேறு எந்த லென்ஸும் பொருந்தாது. என் வேலையில் நாலு பேர் நின்று பார்த்தது அதில் எடுத்த முகங்களைத்தான். மற்றதெல்லாம் கல்யாண ஆல்பம், ஆதார் போட்டோ. லென்ஸைக் கொடுத்தது நீ கேட்டதால் என்று எடுத்துக்கொள்ளாதே. பின்கட்டில் அதைப் பார்த்துக்கொண்டே சுண்ணாம்பு அடிக்க முடியவில்லை.

தியோ


ஆஸ்பத்திரி
28 மார்ச் 2025

தியோடர்,

இதை லீனாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கீழே வண்டியோடு நிற்பது இந்த ஜன்னலிலிருந்து தெரிகிறது.

மாத்திரை ஒரு ஈயக் குடுவைக்குள் வந்தது. கொண்டு வந்தவர் நீட்டியபடியே கையைத் தள்ளி வைத்துக்கொண்டார். லீனா ஒரு மடக்கு தண்ணீரில் விழுங்கினாள். எல்லோரும் வெளியே வந்துவிட்டோம், கதவு மூடியது. அவ்வளவுதான். சுவருக்குள் ஈயம். கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி. உள்ளே மேல் மூலையில் கேமரா, நர்ஸ் மேஜையில் டி.வி. அதில் அவள் படுத்திருப்பது, புரள்வது, தண்ணீர் குடிப்பது எல்லாம் தெரியும். பேசுவதற்குச் சுவரில் ஒரு பெட்டி.

முதல் நாள் வாந்தி. இரண்டாம் நாள் முகம் வீங்கியிருந்தது. வீட்டுக்குப் போங்கள் என்று நர்ஸ் சொன்னார். லீனாவும் பெட்டியில் கூப்பிட்டாள்.

“மம்மி, வீட்டுக்குப் போங்க.”

“போய் என்ன பண்றது?”

“இங்க இருந்து என்ன பண்றீங்க?”

“உட்கார்ந்திருக்கேன்.”

“யார் பக்கத்துல?”

யாரும் இல்லை. நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னேன். டி.வி.யில் பார்த்தேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்று காலை தாரணி அறைக்கு வெளியே நின்று மீட்டரை நீட்டினார். போகலாம் என்றார். லீனா, “மேடம், எங்க டாடி லென்ஸை விட நான் ஜாஸ்தியா?” என்று கேட்டாள். “ரொம்ப ஜாஸ்தி” என்றார் தாரணி. இவள் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு இவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் தள்ளித்தான் நின்றிருந்தேன்.

ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் வந்ததும் எழுதுகிறேன். தைராய்டு மாத்திரை பையில் இருக்கிறது, காலையில் வெறும் வயிற்றில். எழுந்ததும் உங்களிடம் பேச மாட்டாள், அது கோபம் இல்லை, அவள் வழக்கம்.

கேரல்


சாம்பியன் ரீஃப்
7 ஏப்ரல் 2025

கேரல்,

ஸ்கேனில் கழுத்தைத் தவிர வேறு எங்கும் நோய் பரவவில்லை என்று நீ அனுப்பிய செய்தியைக் கில்பர்ட் வாசலிலேயே நின்று சத்தமாகச் சொன்னான். லீனா உள்ளேயிருந்து, “சரி சித்தப்பா” என்றாள். அவ்வளவுதான். நான் கில்பர்ட்டுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அவள் பின் அறை வாசலிலும் நான் சமையலறை வாசலிலும் உட்கார்ந்து பேசுகிறோம். நடுவில் முற்றம். இந்தக் கடிதத்தில் சொல்ல வேண்டியது சாப்பாடும் தூக்கமும் இல்லை, அவை நன்றாகவே இருக்கின்றன. நேற்று நடந்த பேச்சைச் சொல்ல வேண்டும்.

அந்த லென்ஸ் போரில் நிஜமாகவே படம் எடுத்ததா என்று கேட்டாள். தெரியாது, எடுத்திருக்கலாம் என்றேன். வெளிச்சக் குண்டைப் பற்றிச் சொன்னேன்.

“அந்தப் படத்துல ஆளுங்க தெரிவாங்களா?”

“உயரம் ஜாஸ்தி. ஆள் தெரியாது. வீடு தெரியும், ரோடு தெரியும்.”

“கீழ தூங்கிட்டு இருந்தவங்க?”

“எழுந்து வெளிச்சத்தைப் பார்த்திருப்பாங்க.”

அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த ரூம்ல எனக்கு அப்படித்தான் இருந்தது. மேல ஒரு கேமரா. யார் பார்க்கறாங்கன்னு தெரியாது. நீங்களும் மம்மியும்கூட அப்படித்தான் பார்க்கறீங்க. எனக்கு எதனால வந்ததுன்னு தேடறீங்க. எனக்கு எப்படி இருக்குன்னு கேட்கல.”

நான் கேட்டேன். எப்படி இருக்கிறது என்று.

தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள். நாம் நினைத்தது போல அவள் கோயில் கொயரில் பாடுவதை விட்டது பரீட்சைக்காக இல்லை கேரல். ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு மேல் ஸ்தாயி வருவதில்லை. குரல் ஒரு இடத்துக்கு மேல் காற்றாகப் போய்விடுகிறது. வீட்டில் யாரும் இல்லாதபோது பாடிப் பார்த்திருக்கிறாள். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொன்னால் நீ அதையும் என் கணக்கில் எழுதுவாய், என்னிடம் சொன்னால் நான் எழுந்து போய் எதையாவது ரிப்பேர் செய்ய ஆரம்பிப்பேன், அதனால் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை என்றாள்.

நான் எழுந்து போகவில்லை. முற்றத்துக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தேன். பாடிக் காட்டு என்று கேட்கவில்லை. அவளே பாடினாள், மெல்ல, கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று, இந்த ஏப்ரல் வெயிலில். அந்த இடம் வந்தபோது குரல் நின்றுவிட்டது. நிற்கும் என்று தெரிந்தேதான் பாடினாள். பிறகு கீழே இறங்கி மிச்சத்தை முடித்தாள்.

உன்னிடம் நான் சொல்லலாமா என்று கேட்டேன். “எழுதுங்க. என்னால மம்மி முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அவளைப் படம் எடுக்கவில்லை. எடுக்கட்டுமா என்று கேட்கவும் இல்லை.

தியோ


ஸ்ரீராம்புரம்
20 ஏப்ரல் 2025

தியோடர்,

இன்று ஈஸ்டர். எனக்குக் காலை ஷிப்ட். கவுன்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில் எழுத ஆரம்பித்தேன், வீட்டில் முடிக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று குளோரியாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். போன ஞாயிறு லீனாவை அழைத்துப்போக வந்தபோது அதைப் பற்றி உங்களிடம் ஒன்றும் பேசவில்லை. நீங்கள் சாம்பாரை எனக்குப் பரிமாறினீர்கள், நான் சாப்பிட்டேன். லீனா நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று பேசியிருந்தால் வேறு எதையாவது பேசியிருப்பேன்.

ரயிலில் அவளிடம் கேட்டேன். பங்காரப்பேட்டை தாண்டிய பிறகுதான் கேட்க முடிந்தது. “டாடி எழுதியிருந்தாங்க, பாட்டைப் பத்தி.” அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “ம்” என்றாள். அதற்குமேல் கேட்க எனக்குத் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாத்திரை விழுங்கின நாளுக்குப் பிறகு அவளைத் தொட்டது அப்போதுதான். ஒயிட்ஃபீல்டு வரும்வரை விடவில்லை.

இன்று கோயிலில் கொயர்க்காரர்களோடு நின்றாளாம். கோயிலுக்குப் போய் வந்தவர்கள் குளோரியாவிடம் சொன்னார்களாம். மேலே பாடுகிற பெண்களோடு இல்லை, கீழ்க்குரல் பாடுகிற வரிசையில். யாரும் கேட்கவில்லை, இவளே போய் நின்றாளாம். கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டவில்லை. நான் பார்க்கவில்லை, டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் டிசம்பரில் சொன்ன எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவது பற்றியும் நான் இப்போது பேசவில்லை. குளோரியாவின் பிரசவம் முடியட்டும், லீனா எந்தக் காலேஜ் என்று முடிவாகட்டும். அதற்குப் பிறகும் என் மனசு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீங்களும் சாம்பியன் ரீஃபில் சும்மா உட்கார்ந்திருக்காமல் இங்கே பூட்டிக் கிடக்கிற ஸ்டூடியோவைத் திறங்கள். இரண்டு பேர் என் கவுன்டருக்கே வந்து கேட்டுவிட்டார்கள்.

செப்டம்பரில் அடுத்த ஸ்கேன். மறுபடி அந்தத் தனி அறை இல்லை, கொஞ்சம் மருந்துதான், அரை நாள் வேலை என்கிறார்கள். ஆனால் அதே மாடி, அதே கதவு. உள்ளே போகும்போது அவள் திரும்பிப் பார்ப்பாள். போன தடவையும் பார்த்தாள், நான் ஒருத்திதான் நின்றிருந்தேன்.

கீழே வண்டியோடு நிற்க வேண்டாம். மேலே வாருங்கள். நர்ஸிடம் இன்னொரு நாற்காலி கேட்டு வைக்கிறேன்.

கேரல்